முதியோர் பராமரிப்பும் தொற்றுநோய்ப் பரிசோதனையும் – ஓர் அனுபவம்

(சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "நீங்கள் சயன்ஸ் படித்தவர், அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர், நாலு வார்த்தை பேசுங்கள்" என்றார். நான் 1970ல் கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்தவன். அதற்கப்புறம் 37 வருஷம் மத்திய அரசாங்கத்தில் ஃபைல் பார்த்தவன். டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே நான் சொல்வதைக் கேட்டு யாரும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நடுநடுவே, அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

டெல்லியில் இருக்கும் நம்மில் பாதிப் பேர் வீட்டில் இன்று ஒரு அட்டெண்டன்ட் இருக்கிறாள், அல்லது சீக்கிரம் வரப்போகிறாள். பிள்ளைகள் கலிஃபோர்னியாவிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். எண்பது வயதானவரை எழுபது வயதானவர் தூக்கி உட்கார வைக்க முடியாது. ஏஜென்ஸிக்கு ஃபோன் பண்ணுகிறோம், மறுநாள் காலையில் ஒரு பெண் சின்னப் பையோடு வாசலில் வந்து நிற்கிறாள். நாம் என்ன கேட்கிறோம்? "சம்பளம் எவ்வளவு? சைவமா? ராத்திரி தங்குவாளா? திருட்டுப் பயம் உண்டா?" சில பேர் இன்னும் ஒரு கேள்வி கேட்பார்கள், அது என்னவென்று உங்களுக்கே தெரியும். நானும் கேட்டேன். "எத்தனை நாளாக இருமல் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கவில்லை.

என் தாயார் 1930ல் கும்பகோணத்தில் பிறந்தவர். 2017 டிசம்பரில் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தார், ஆனால் அதற்குப் பிறகு நடமாட்டம் இல்லை. 2018 ஜனவரியில் ஒரு ஏஜென்ஸி மூலமாக ஜார்கண்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. நல்ல ஆரோக்கியமான பெண். அம்மாவை ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்க வைப்பாள். அம்மாவுக்கு ஹிந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. இரண்டே மாதத்தில் இரண்டு பேரும் எந்த பாஷையில் பேசிக்கொண்டார்களோ எங்களுக்குத் தெரியாது, ஆனால் மணிக்கணக்கில் பேசிக்கொண்டார்கள்.

அவள் வந்த அன்று ஏஜென்ஸிக்காரர் ஒரு காகிதக் கட்டு கொடுத்தார். அதில் ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட்டும் இருந்தது. ஜெராக்ஸ். "எந்தத் தொற்றுநோயும் இல்லை, வேலைக்குத் தகுதியானவர்" என்று ஒரே வரி, கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். என் சர்வீஸில் எத்தனையோ பேருடைய சர்டிஃபிகேட்டைத் தேதி சரியில்லை, கையெழுத்துத் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்.டி.சி. பில்லில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தால்கூட விடமாட்டேன். அப்படிப்பட்டவன் இந்தக் காகிதத்தை மடித்து டிராயரில் வைத்துவிட்டேன். பத்து மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் தேதி அவள் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு மூன்று வருஷம் முந்தியது. சரியான தேதியாகவே இருந்திருந்தாலும், ஒரு சர்டிஃபிகேட் அன்றைய தினத்துக்குத்தான் சாட்சி சொல்லும். மறுநாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து இருமியவரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அம்மா பழைய காலத்து மனுஷி. அந்தப் பெண்ணுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கொல்லைப்பக்கம் அலமாரியில் தனியாக இருக்கும். நாங்களும் அதுதான் சுத்தம் என்று இருந்தோம். அவள் படுத்தது அம்மாவின் கட்டிலுக்குக் கீழே, நாலு அடி தூரத்தில். டெல்லிக் குளிரில் ஜன்னல் அடைத்திருக்கும். கோடையில் ஏ.சி. போட்டு அடைத்திருக்கும். எச்சில் பார்த்தோம், காற்றைப் பார்க்கவில்லை. டி.பி. தட்டிலும் டம்ளரிலும் பரவுகிற வியாதி அல்ல. இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள், காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அதைப் பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பதால்தான் பரவுகிறது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24ம் தேதி பெர்லினில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் அந்தத் தேதி உலகக் காசநோய் தினம். அறிவித்து இத்தனை காலம் ஆகியும் சயன்ஸ் படித்தவன் வீட்டில் டம்ளர்தான் தனியாக இருந்தது.

2018 அக்டோபரில் அந்தப் பெண்ணுக்கு இருமல் ஆரம்பித்தது. டெல்லியில் அக்டோபரில் யாருக்குத்தான் இருமல் இல்லை? என் மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப். மூன்று வாரம் ஆயிற்று. எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற மார்புநோய் டாக்டர் ஒருவர் இருக்கிறார். தீபாவளி சமயம் அம்மாவைப் பார்க்க வந்தவர், அடுத்த அறையில் இருமல் சத்தம் கேட்டு, "இது எத்தனை நாளாக?" என்றார். சொன்னேன். "இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். நாளைக்கே அரசாங்க செஸ்ட் கிளினிக்குக்கு அழைத்துக்கொண்டு போங்கள், காசு கிடையாது" என்றார்.

போனோம். சளியில் கிருமி இருந்தது. கிளினிக்கில் ரொம்பத் தன்மையாகப் பேசினார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்டு, மறுநாள் காலை வந்து மருந்து ஆரம்பிக்கச் சொன்னார்கள்.

அடுத்து நான் செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஏஜென்ஸிக்கு ஃபோன் பண்ணினேன். "கவலைப்படாதீர்கள் சார், சாயங்காலத்துக்குள் வேறு பெண்ணை அனுப்புகிறோம்" என்றார்கள். மத்தியானம் நாலு மணிக்கு ஆட்டோ வந்தது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்தேன். அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகிறேன் என்றாள். வாசலிலிருந்தே சொல்லச் சொன்னேன். அம்மா, "எங்கேடா போறா அவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டோம். அன்று ராத்திரி, நான் நடந்துகொண்டது சரிதான், தாராளமாகவே நடந்துகொண்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

நாலு நாள் கழித்து வாசல் மணி அடித்தது. செஸ்ட் கிளினிக்கிலிருந்து ஒரு சுகாதாரப் பணியாளர், கையில் நோட்டுப் புத்தகம். "உங்கள் வீட்டு விலாசத்தில் பதிவான பெண் மருந்து வாங்க வரவில்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அனுப்பிவிட்டோம்" என்றேன். "எங்கே?" என்றார். தெரியவில்லை. ஏஜென்ஸிக்கு ஃபோன் போட்டேன். அவள் அவர்களிடமும் திரும்பிப் போகவில்லையாம், ஊருக்குப் போயிருக்கலாம் என்றார்கள். ஊர் விலாசம் கேட்டால் ஜில்லாவின் பெயர் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. அந்தப் பணியாளர் என்னைத் திட்டவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "வீட்டில் வேறு யார் யார் இருக்கிறீர்கள்? எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும்" என்றார்.

எனக்கும் மனைவிக்கும் எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை. அம்மாவை நகர்த்த முடியாது. வீட்டுக்கே போர்ட்டபிள் மெஷின் கொண்டுவந்து எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் அம்மாவுக்கு இருமல் எத்தனை நாளாக?" என்று கேட்டார். நான் யோசித்தேன். ஒரு வருஷமாகவே லேசான இருமல் உண்டு. கபம், வயசாயிற்று என்று இருந்தோம். உடம்பு இளைத்திருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை என்று இருந்தோம். ஜுரம் கிடையாது. நுரையீரலின் மேல்பாகத்தில் இருந்த மாற்றங்கள் இரண்டு மாதத்தில் வந்தவை அல்ல, பழசு என்றார் டாக்டர். அம்மாவால் சளியைக் காறித் துப்ப முடியாது. உப்புநீர் ஆவி கொடுத்துச் சளியை வரவழைத்தார்கள். சி.பி.நாட் என்று ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. மெஷினில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா இல்லையா என்பதையும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். பாசிட்டிவ்.

அன்று சாயங்காலம் டாக்டர் அம்மாவிடம் பழைய கதையெல்லாம் விசாரித்தார். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில், 1942ல், அவளுடைய அக்கா க்ஷயரோகத்தில் போனாள். கடைசி வரைக்கும் இரண்டு பேரும் ஒரே ரேழியில்தான் படுத்திருக்கிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943ல். அதற்கு ஒரு வருஷம் முந்திப் போய்விட்டாள். அந்தக் கிருமி அப்போதே அம்மாவின் மார்பில் குடியேறி, எழுபத்தைந்து வருஷம் தூங்கிவிட்டு, வயதும் ஆபரேஷனும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி குறைந்தபோது எழுந்திருக்கலாம் என்றார் டாக்டர். முதியவர்களுக்கு வரும் டி.பி. இப்படித்தான் பெரும்பாலும் வருகிறதாம்.

"அப்படியானால் அந்தப் பெண்?" என்றேன்.

"அவள் ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம், இங்கேயும் வாங்கியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆரோக்கியமாக வந்த பெண், அடைத்த அறையில் உங்கள் அம்மாவோடு ஒன்பது மாதம் படுத்திருக்கிறாள்" என்றார் அவர்.

ஆக, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லாமல் நான் தீர்ப்பு எழுதி, ஆட்டோவும் வரவழைத்துவிட்டேன். நம் வீட்டுக்கு வருபவரைப் பரிசோதிக்க வேண்டும் என்று பேசுகிறோம். வாஸ்தவம். ஆனால் நம் வீட்டில் படுத்திருப்பவரை முதலில் பரிசோதித்தோமா? அந்தப் பெண்ணுக்கு இங்கே யாராவது சர்டிஃபிகேட் காட்டினோமா?

அம்மாவுக்கு 2018 நவம்பரிலிருந்து ஆறு மாதம் மருந்து. இலவசம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சுக் கலராகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் புதிதாக வந்த பெண் ரத்தம் என்று பயந்து ராத்திரி இரண்டு மணிக்கு எங்களை எழுப்பிவிட்டாள். வயதானவர்களுக்கு இந்த மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கலாம், அதனால் ரத்தப் பரிசோதனை அவ்வப்போது உண்டு. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்றவற்றின் சக்தியையும் ரிஃபாம்பிசின் குறைத்துவிடும். ஆகவே சாப்பிடுகிற எல்லா மருந்தின் பட்டியலையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மா 2019 மே மாதம் கோர்ஸை முடித்தாள். இருமல் நின்றது, மூன்று கிலோ எடை ஏறிற்று. 2021ல் தூக்கத்திலேயே போனாள், இந்த வியாதியால் இல்லை. கடைசி வரை அந்தப் பெண் ஊரிலிருந்து எப்போது வருவாள் என்று நடுவில் நடுவில் கேட்பாள்.

இனி பரிசோதனைகளுக்கு வருகிறேன். ஏஜென்ஸிகள் "ஃபுல் மெடிக்கல் பேக்கேஜ்" என்று ஒன்றை விற்கின்றன. அதில் உபயோகமானதும் இருக்கிறது, உபயோகமில்லாததும் இருக்கிறது, சட்ட விரோதமானதும் இருக்கிறது.

முதலில் டி.பி. மிகவும் மலிவான பரிசோதனை, கேள்வி கேட்பது. இருமல் உண்டா, சாயங்காலத்தில் ஜுரம் உண்டா, எடை குறைகிறதா, ராத்திரியில் வியர்க்கிறதா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? ஆனால் இது மட்டும் போதாது. 2019 முதல் 2021 வரை நம் தேசம் முழுவதும் காசநோய் சர்வே ஒன்று நடத்தினார்கள். அதில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால் கேள்விகளில் சிக்காமல் தப்பியிருப்பார்கள். எனவே வேலைக்கு வரும்போது ஒரு எக்ஸ்ரே, சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான் தேவை. பெண்ணாக இருந்தால், கர்ப்பமாக இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதை என் மனைவி கேட்டாள். இது மாமிகள் டிபார்ட்மெண்ட்.

மாண்டூ டெஸ்ட் என்று கையில் ஊசி போட்டு, 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளந்து பார்ப்பார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மருமகள், "அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இது கட்டாயம், நீங்கள் ஏன் செய்யவில்லை?" என்று கேட்டாள். அங்கே கிருமி உடம்பில் இருப்பவர்கள் குறைவு, ஆகவே பாசிட்டிவ் என்றால் அர்த்தம் உண்டு. இங்கே, நான் சொன்ன அதே சர்வேயின்படி பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குக் கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஹாலில் தொண்ணூறு பேர் இருக்கிறோம். அந்தக் கணக்குப்படி இருபத்தெட்டுப் பேர். நம் வயதுக்கு அதைவிட அதிகமாகவே இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் நோயாளி ஆகமாட்டார்கள், யாருக்கும் பரப்பவும் மாட்டார்கள். கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. மாண்டூ பாசிட்டிவ் என்று ஒரு பெண்ணை வேலைக்கு வேண்டாம் என்றால், அதே நியாயப்படி நம்மில் இருபத்தெட்டுப் பேர் இந்த ஹாலை விட்டு எழுந்து போக வேண்டும். அதற்காக அந்தப் பரிசோதனையே வீண் என்றும் சொல்லக் கூடாது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதி செய்தபின் தடுப்பு மருந்து கொடுக்கிறார்கள். அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். சின்ன வயதில் பி.சி.ஜி. குத்திக்கொண்டோம் என்று தைரியமாகவும் இருக்க வேண்டாம். செங்கல்பட்டு ஜில்லாவில் 1968ல் ஆரம்பித்து லட்சக்கணக்கானவர்களை வைத்து நடத்திய ஆராய்ச்சியில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுப்பதாகத் தெரியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு. பழைய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த சர்வேயின்படி லட்சம் பேருக்கு 316 பேர் நோயாளிகள். அதாவது ஆயிரம் அட்டெண்டன்ட்களில் மூன்று பேர். ஒரு பரிசோதனை, ஆரோக்கியமானவரை நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 997 பேரில் ஐம்பது பேருக்குத் தப்பாக "உண்டு" என்று வரும். ஆக, "உண்டு" என்று வந்த 53 பேரில் 50 பேருக்கு ஒன்றுமே இல்லை. எனவே முதல் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமே தவிர, ஆட்டோவுக்கு ஃபோன் பண்ணக் கூடாது.

டைஃபாய்டுக்கு விடால் டெஸ்ட் என்று பேக்கேஜில் போடுகிறார்கள். 1896ல் வந்த பரிசோதனை அது. டைஃபாய்டு சகஜமாக இருக்கும் நம் தேசத்தில், எப்போதோ வந்து போனவருக்கும், தடுப்பூசி போட்டவருக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டும். சமையலுக்கும் சேர்த்து வைத்துக்கொள்கிற ஆளாக இருந்தால், கை கழுவ சோப்பும், போக வர ஒரு நல்ல டாய்லெட்டும் கொடுங்கள். சில குடியிருப்புகளில் வேலைக்காரர்களுக்கு டாய்லெட் கிடையாது. அதை வைத்துக்கொண்டு விடால் டெஸ்ட் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரியின் கதை பிரசித்தம். அவளுக்கு ஒரு நோயும் இல்லை, ஆனால் சமைத்த வீடுகளிலெல்லாம் டைஃபாய்டு. 1907ல் பிடித்து ஒரு தீவில் அடைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, இனி சமைக்கமாட்டேன் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். சமையலில் கிடைத்த வருமானம் வேறு வேலையில் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி கரண்டியைப் பிடித்தாள். 1915ல் திரும்பப் பிடித்து, 1938ல் சாகும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். அவள் செய்தது தப்புதான். ஆனால் பிழைப்புக்கு வழி சொல்லாமல் வேலையை மட்டும் பறித்தால் மனிதர்கள் நோயை மறைக்கத்தான் செய்வார்கள்.

ஹெபடைடிஸ் பி ரத்தத்தின் மூலம் பரவுவது. கூடச் சாப்பிட்டால், தொட்டால் வராது. நம் வீடுகளில் சர்க்கரை பார்க்கும் ஊசி, இன்சுலின் ஊசி, சவர ரேஸர் இவற்றில்தான் ஜாக்கிரதை வேண்டும். இதில் ஆபத்து முக்கால்வாசி அட்டெண்டன்ட்டுக்குத்தான், ஏனென்றால் ஊசி குத்துவது அவள் விரலில். பூஜ்யம், ஒன்று, ஆறு மாதங்களில் மூன்று டோஸ் தடுப்பூசி. நாம் செலவு செய்து போட்டுவிடலாம்.

எச்.ஐ.வி. பற்றிப் போன கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். தேவையும் இல்லை, கூடவும் கூடாது. 2017ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, வேலைக்கு நிபந்தனையாக எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. ஏஜென்ஸி பேக்கேஜில் அது இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

சொறி சிரங்குக்கு லேபே வேண்டாம். விரல் இடுக்கையும் மணிக்கட்டையும் பார்த்தால் போதும், ராத்திரியில் அரிப்பு அதிகமா என்று கேட்டால் போதும். வந்துவிட்டால் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து தடவிக்கொள்ள வேண்டும், எஜமானர் உட்பட. கொரோனாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020ல் மூக்கில் குச்சி விட்டுக்கொள்ளாதவர் இந்த ஹாலில் யாரும் இருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறந்து வைக்கிற பழக்கம் அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே வந்துவிட்டது.

நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். இதற்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் சென்னைதான். 1956ல் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஒரு மையம் ஆரம்பித்தார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வந்து நடத்தினார். 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்தார்கள். ஏழை வீடுகள், நெருக்கடியான குடித்தனங்கள், சரியான சாப்பாடு இல்லை. முடிவு 1959ல் வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாரை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. சரியான மருந்து ஆரம்பித்துவிட்டால் தொற்றும் தன்மை மளமளவென்று குறைந்துவிடுகிறது. சாதாரண டி.பி.யில் டாக்டர்கள் இரண்டு வாரம் என்று கணக்கு வைக்கிறார்கள்.

இரண்டே வாரம். அந்தப் பெண்ணுக்கு வேறு ஒரு அறை, திறந்த ஜன்னல், ஒரு மாஸ்க், தினம் காலையில் மருந்து. நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். எங்களிடம் ஒரு அறை காலியாகவே இருந்தது, பையன் வந்தால் தங்குவதற்கு.

இரண்டாவதாக வந்த பெண்ணிடம் நாங்கள் நடந்துகொண்ட விதம் வேறு. அம்மாவுக்கு என்ன வியாதி, என்ன மருந்து, எவ்வளவு நாள் என்பதை முதல் நாளே அவளிடம் சொன்னோம். போய்விடுவாளோ என்று என் மனைவிக்குப் பயம். அவள் போகவில்லை, "முகத்துக்குக் கட்டிக்கொள்ள என்ன கொடுப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். பரிசோதனைக்குச் சம்மதமா என்று கேட்டோம். செலவு எங்களுடையது. ரிப்போர்ட்டை முதலில் அவள் கையில் கொடுக்கச் சொன்னோம், ஏஜென்ஸிக்கு அனுப்பவில்லை. ஏதாவது தெரிந்தால் சம்பளத்தோடு லீவு, குணமானதும் வேலை உண்டு என்று ஒரு காகிதத்தில் எழ்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், நான் முன்பு அந்த ஜெராக்ஸை வைத்த மாதிரியே. வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே, மாதம் ஒரு தடவை கேள்விகள். கேள்விகள் எங்களுக்கும்தான்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. டி.பி. நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக அரசாங்கம் 2018 ஏப்ரலிலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். பாங்க் அக்கவுண்டில் நேராகப் போகும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்துவிட்டால் அந்தப் பதிவு வேலையை நீங்கள் கூட இருந்து செய்து கொடுங்கள். ஃபாரம் நிரப்புவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. 1800-11-6666 என்பது காசநோய்க்கான இலவசத் தொலைபேசி எண். அவள் வேறு ஊருக்குப் போவதாக இருந்தால், மருந்தையும் பதிவையும் அந்த ஊருக்கு மாற்றித் தருவார்கள். போகும் முன்பு கிளினிக்கில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணைத் தேடினீர்களா என்று கேட்பீர்கள். தேடினேன். அந்த ஜில்லாவின் காசநோய் அதிகாரிக்கு அவள் பெயர், உத்தேச வயது, டெல்லிப் பதிவு நம்பர் எல்லாம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன், நினைவூட்டல் கடிதமும் அனுப்பினேன். சர்வீஸில் இருந்தபோது எனக்கு வந்த அப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் எத்தனை பதில் போட்டேன் என்பது எனக்குத் தெரியும். ஆகவே குறை சொல்ல மாட்டேன். பதில் வரவில்லை. அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு மட்டும் இருக்கிறது.

நான் சொன்ன அந்தக் காகிதத்தை, அதாவது பரிசோதனைக்குச் சம்மதமும் வேலைக்கு உத்தரவாதமும் எழுதினதை, ஐம்பது காப்பி எடுத்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், நமக்கு. மறு பக்கம் ஹிந்தி, அவர்களுக்கு. ஹிந்தியில் என் லிங்கமெல்லாம் தப்பாக இருந்தது, பக்கத்து ஃப்ளாட் டீச்சர் திருத்திக் கொடுத்தார். நான் சொன்ன டாக்டர் இன்று நம்மோடு வந்திருக்கிறார். காபி ஆனதும் உங்கள் சந்தேகங்களை அவரிடம் கேட்கலாம், என்னிடம் கேட்க வேண்டாம்.